சடன் பிரேக் எழுத்து

“என் எழுத்து சிரிக்க மாட்டேங்குது, டீச்சர்” என்றார் சிவசைலம்.

ஆவுடைச்செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள்.

‘அ’வின் தலையில் ஒரு செம்பருத்தி. ‘இ’யைச் சுற்றி முல்லைக்கொடி. ‘ஊ’வின் தோளில் ஒரு பச்சைக்கிளி.

“எழுத்து எங்கே, அண்ணாச்சி?”

“இந்தா, இதுதானே.”

“கிளி தெரியுது. கொடி தெரியுது. எழுத்து எங்கே?”

அவள் ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். பூ போயிற்று. கொடி போயிற்று. கிளியும் போயிற்று. மிச்சம் இருந்த மூன்று எழுத்துகள் விறைத்துக்கொண்டு நின்றன.

“இப்போ தெரியுது” என்றாள். “பாவம். கலெக்டர் வர்றார்னு வெயில்ல நிறுத்தி வெச்ச பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி நிக்குதுங்க.”

சிவசைலம் குனிந்து பார்த்தார். அப்படித்தான் நின்றன.

“நகை போட்டா சிரிப்பு வராது, அண்ணாச்சி.”

“பின்னே எதைப் போட்டா வரும்?”

அவள் வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

*

சிவசைலத்துக்கு வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மதுரையில் ஓர் அச்சகத்தில் சட்டப் புத்தகங்களுக்கு எழுத்துக் கோத்துப் பக்கம் கட்டியே காலத்தைக் கழித்தவர். அவர் கட்டிய பக்கத்தில் ஒரு வரி ஏறி இறங்காது. ஒரு புள்ளி பிசகாது.

ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான கோவில்பட்டிக்கு வந்ததும் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அழைப்பிதழை அவரே வடிவமைத்தார். ராத்தூக்கம் கெட்டு ஒவ்வொரு வரியையும் நேராக நிறுத்தினார்.

அதை வாங்கிப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: “இது கல்யாணத்துக்கு வரச் சொல்லுதா, கோர்ட்டுக்கு வரச் சொல்லுதா?”

வீடே சிரித்தது. மகளும் சிரித்தாள்.

மகள் சிரித்ததுதான் அவரைக் குத்தியது.

கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு அவர் ஆவுடைச்செல்வியின் மாடிப்படி ஏறினார். அவள் எழுத்துரு செய்கிறவள். கம்ப்யூட்டரில் தட்டினால் விழுகிறதே, அந்த எழுத்து வகைகளை ஒவ்வொன்றாக வரைந்து உண்டாக்குகிறவள். கடலைமிட்டாய்ப் பொட்டலத்திலும் தீப்பெட்டி லேபிளிலும் குதித்துக்கொண்டிருந்த எழுத்துகளில் பாதி அவள் பெற்ற பிள்ளைகள். அவருடைய மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான்.

“இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?” என்று அன்று அவள் கேட்டாள்.

“சிரிக்கிற எழுத்து ஒண்ணு செய்யணும்.”

“யாருக்கு?”

அவர் பையிலிருந்து மகளின் கல்யாண அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

*

அடுத்த முறை அவர் கிளி இல்லாமல், கொடி இல்லாமல் வந்தார். எழுத்துகளின் முனைகளை மட்டும் சுருட்டியிருந்தார்.

“மீசையை முறுக்கினா போலீஸ்காரன் சிரிப்பானா?” என்றாள்.

அதற்கு அடுத்த முறை குண்டு குண்டாக வரைந்து வந்தார்.

“சாப்பிட்டிருக்கு. சிரிக்கலை.”

சிவசைலத்துக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வந்தது.

“விதியைச் சொல்லுங்க டீச்சர். எவ்வளவு வளைக்கணும், எங்கே தடிக்கணும், சொல்லுங்க. அட்சரம் பிசகாம செஞ்சுட்டு வர்றேன்.”

ஆவுடைச்செல்வி அவர் வரைந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திரையில் திறந்தாள். எழுத்துகள் எல்லாம் ஒரு நீலக்கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. எல்லா எழுத்துக்கும் தரை அந்தக் கோடுதான்.

அவள் அந்தக் கோட்டைப் பிடித்தாள். அழித்தாள்.

சிவசைலம் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

“டீச்சர், கோடு இல்லாம எழுத்து எங்கே நிக்கும்?”

“அதுகிட்டேயே கேளுங்க.”

“கேட்டா சொல்லுமா?”

“இத்தனை வருஷம் நிக்க வெச்சீங்களே. ஒருநாளாவது கேட்டீங்களா?”

அவர் படியிறங்கி வீட்டுக்குப் போனார். மனைவி கோமு சோறு போட்டாள். சாப்பிடாமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, டீச்சர் அடிச்சாங்களா?” என்றாள் கோமு.

“கோட்டை எடுத்துட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. சாப்பிடுங்க.”

*

தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு எட்டயபுரம் போகிற டவுன் பஸ்ஸில் அது நடந்தது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். சிவசைலத்துக்குக் கடைசி சீட்டில் இடம் கிடைத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் வண்டி முழுக்க நின்றவர்களின் முதுகு தெரிந்தது. வரிசையாக, நேராக, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஓர் ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் சடன் பிரேக் போட்டார்.

எல்லாரும் சாய்ந்தார்கள். ஆனால் ஒருவர் சாய்ந்த மாதிரி இன்னொருவர் சாயவில்லை. தடித்த ஆள் ஒருவர் இடுப்புக்கு மேலே மட்டும் போய்வந்தார். கூடைக்காரம்மா தன்னை விட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கம்பியைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்து, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றாள். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்துத் தோளுக்குச் சாய்ந்து, அங்கேயே தூக்கத்தைத் தொடர்ந்தார்.

ஒருவரும் விழவில்லை.

ஒரு கணம் பஸ் மூச்சுவிடாமல் இருந்தது. பிறகு மொத்தமாகச் சிரித்தது.

சிவசைலமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையில் இருந்த காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, சேவை மடியில் கொட்டிவிட்டு, அந்தத் தாளில் வரைய ஆரம்பித்தார். எண்ணெய் படிந்த இடத்தில் பேனா எழுதவில்லை. எழுதின இடத்தில் எல்லாம் வரைந்தார்.

எட்டயபுரம் வந்து, போய்விட்டது.

*

ஆவுடைச்செல்வி எண்ணெய்த்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

‘க’ இடுப்புக்கு மேலே சாய்ந்திருந்தது. ‘ண’வின் மூன்று சுழிகளும் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ‘ஃ’இல் இரண்டு புள்ளிகள் வந்து சேர்ந்துவிட்டன; ஒரு புள்ளி பின்னாலே ஓடி வந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இருந்த கடலை புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“ஏன் சிரிச்சீங்க டீச்சர்?”

“விழுந்துரும்னு நினைச்சேன்.”

“ம்.”

“விழலை.”

அன்றிலிருந்து மழைக்காலம் முடிகிறவரை அவர் மிச்ச எழுத்துகளை வரைந்தார். கொம்பும் காலும் விசிறியும் போட்டு உயிர்மெய் அத்தனையும் வரைந்தார். எழுத்துருவுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“சடன் பிரேக்” என்றார்.

*

முதல் வேலையை அவரே கொண்டுவந்தார். கோமுவின் தம்பி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. அழைப்பிதழ் முழுவதையும் சடன் பிரேக்கில் அமைத்திருந்தார். குலதெய்வம் பெயர், நாள், நேரம், மண்டபத்துக்கு வழி, தாத்தா பாட்டி பெயர்கள், தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றத்தார் எல்லாமே அதில்தான்.

“எப்படி டீச்சர்?”

“வாசிங்க.”

“நிகழும் மங்களகரமான—” என்று ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் தடுமாறினார். நான்காவது வரியில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய், திரும்பி வந்தார். மண்டபத்துக்கு வழி சொல்லும் இடத்தில் அவருக்கே வழி தெரியவில்லை.

“தலை சுத்துது” என்றார்.

“அந்த பஸ் டிரைவர் எத்தனை தடவை பிரேக் போட்டார்?”

“ஒரு தடவை.”

“எட்டயபுரம்வரை போட்டுக்கிட்டே போயிருந்தார்னா?”

சிவசைலம் அழைப்பிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் கொண்டுவந்தபோது பிள்ளையின் பெயர் மட்டும் சடன் பிரேக்கில் இருந்தது. மற்றதெல்லாம் அவர் ஆயுள் முழுக்கக் கட்டிய அந்த நேரான எழுத்து.

பிள்ளையின் பெயர் தொட்டிலில் இருந்து தலையை நீட்டி எட்டிப் பார்த்தது.

ஆவுடைச்செல்வி கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள். அதுவரை அவள் அவருக்குக் கடலை கொடுத்ததில்லை.

*

“இதை நெட்டில் போட்டுடலாம்” என்றாள் ஒருநாள். “வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும்.”

“போடலாம். ஆனா ஒரு நிபந்தனை.”

“என்ன?”

“பிள்ளைங்க சமாச்சாரத்துக்கு மட்டும்தான். கதைப் புத்தகம், பொம்மைக் கடை, பிறந்தநாள். வேற எதுக்கும் கூடாது.”

“ஏன்?”

“எழுத்தை எங்கே வைக்கணும்னு ஒரு முறை இருக்கில்லையா டீச்சர்.”

“உங்க மகளைக் கட்டிக்கொடுத்தப்போ, இன்ன இடத்துக்குத்தான் போகணும், இன்னார்கூடத்தான் பேசணும்னு சொல்லி அனுப்பினீங்களா?”

“சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“சரி, போடுங்க” என்றார் சிவசைலம்.

எழுத்து ஊருக்குள் போயிற்று.

முதலில் ஐஸ் வண்டியில் பார்த்தார். பிறகு ஒரு மழலையர் பள்ளியின் சுவரில். சாத்தூர் பஸ்ஸில் போனபோது ஒரு சேவுக்கடைப் பெயர்ப்பலகை. ஒரு சலூன் கண்ணாடியில், முடிவெட்டிக்கொண்டு இறங்கி ஓடுகிற மாதிரி. மஞ்சள்நீராட்டு விழா பிளெக்ஸில் பெண்ணின் பெயர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாகச் சாய்ந்திருந்தது. எங்கே பார்த்தாலும் நின்றார். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்தார்.

சிரித்தால், பஜாருக்குப் போகிற வேலையை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து கோமுவிடம் சொன்னார்.

“உங்க எழுத்தாலே வீட்டுல தக்காளி இல்லை” என்றாள் கோமு. ஆனால் அவளும் அடுத்த முறை அந்த சலூன் வழியாகத்தான் போனாள்.

*

அந்தப் போஸ்டரைக் காலையில் டீ குடிக்கும்போது பார்த்தார்.

பஸ் நிலையத்துச் சுவர். மேலே வழக்கமான தடித்த எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் ஒரு புகைப்படம்; கட்டம்போட்ட சட்டை, பல் தெரியும் சிரிப்பு. புகைப்படத்துக்குக் கீழே, கண்ணைப் பறிக்கிற அளவில்:

த. தங்கப்பழம்.

சடன் பிரேக்கில்.

‘த’ சாய்ந்திருந்தது. ‘ங்’கின் புள்ளி தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. ‘ழ’வோ, கீழே இறங்குகிற வாலை ஒரு கால் மாதிரி வெளியே வீசி, ஊரைப் பார்த்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். என் எழுத்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

பசை இன்னும் காயவில்லை. கிழிக்கக் கையை நீட்டினார். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை இறக்கிவிட்டார்.

மாடிப்படியை மூச்சிரைக்க ஏறினார்.

“எடுத்துருங்க டீச்சர்.”

“எதை?”

“என் எழுத்தை. நெட்டிலேருந்து எடுத்துருங்க. இன்னைக்கே, இப்பவே.”

பஸ் நிலையத்துச் சுவரில் பார்த்ததைச் சொன்னார்.

“செத்தவர் யாரு?”

“தெரியாது.”

“பின்னே ஏன் உங்க கண்ணு கலங்குது?”

“எனக்காகக் கலங்குது. அந்த வீட்டு ஆளுங்க அந்தச் சுவத்தைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? யாரோ கிறுக்கன், எங்க துக்கத்தைக் கேலி பண்ணிட்டான்னு நினைக்க மாட்டாங்களா?”

“நினைச்சாங்களா?”

“நினைப்பாங்க.”

அவள் சாவிக்கொத்தை எடுத்தாள்.

“நெட்டிலேருந்து எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும். அவங்க மனசுல இருக்கிறதை எடுக்கணும்னா போய்த்தான் ஆகணும். வாங்க, ஸ்கூட்டர்ல ஏறுங்க.”

*

போஸ்டரில் போட்டிருந்த விலாசப்படி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு குறுக்குச் சந்தில் வீடு. வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஷாமியானாவுக்கு வெளியே, இடம் போதாமல், ஒரு ராட்டினத்தின் மரக்குதிரைகள் படுதாவுக்கு அடியில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அப்பாவுக்குத் தெரிஞ்சவுகளா?”

சிவசைலம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளைச் சொன்னார்.

“இல்லைம்மா. போஸ்டர்ல பெயரைப் போட்ட எழுத்து தப்பாயிருச்சு. அச்சடிச்சவங்க தெரியாமப் போட்டிருப்பாங்க. நான் எல்லாத்துக்கும் மேலே வேற அடிச்சு ஒட்டித் தர்றேன். மரியாதையான எழுத்துல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளே.”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

“உங்களை எங்க சித்தப்பா அனுப்பிச்சாரா?”

“யாரும் அனுப்பலைம்மா.”

“அவுகதான் நேத்துலேருந்து சத்தம் போடுறாக. சாவு வீடா, சர்க்கஸான்னு. அவுககிட்டே சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். போஸ்டரை ஒருத்தரும் தொடக் கூடாது. அம்மா கேட்டு வெச்சது அது.”

சிவசைலத்துக்கு ஒத்திகை பார்த்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. திரும்பி ஆவுடைச்செல்வியைப் பார்த்தார். அவள் மரக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது என் எழுத்தும்மா” என்றார். “நான் வரைஞ்சது.”

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா! இங்கே வா. அந்த எழுத்தை வரைஞ்சவுக வந்திருக்காக.”

*

தங்கப்பழத்தின் மனைவி பெயர் சொர்ணம். மகள் முத்துக்கனி பாய் விரித்தாள். சொர்ணம் சுவரோரமாக உட்கார்ந்தாள். சிவசைலத்தை, ஊரிலிருந்து வந்த உறவினரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது” என்றாள். “அச்சாபீஸ் தம்பி கம்ப்யூட்டரை இங்கேயே கொண்டு வந்து இவுக பேரை எழுதிக் காட்டுச்சு. பாத்தேன். யாரோ மாதிரி இருந்துச்சு. வேற காட்டுச்சு. அதுவும் யாரோ. அடுத்து ஒண்ணு, அடுத்து ஒண்ணு. எல்லாம் அசையாம நின்னுச்சு. இவுக என்னைக்கு அப்படி நின்னாக?”

சொர்ணம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம் இது வந்துச்சு. ‘இந்தா வர்றாகல்ல’ன்னேன். என் வாயில தன்னாலே வந்துருச்சு.”

முத்துக்கனி ஒட்டாமல் மிஞ்சிய ஒரு போஸ்டரைக் கொண்டுவந்து பாயில் விரித்தாள். சொர்ணம் விரலை வைத்தாள். அவள் விரல் ‘ழ’வின்மேல் நின்றது. அதன் வீசிய காலின்மேல்.

“இந்தக் கால்.”

“அப்பாவுக்குச் சின்ன வயசுல இளம்பிள்ளை வாதம்” என்றாள் முத்துக்கனி. “வலது கால் நேரா ஊனாது. வெளியே ஒரு சுத்துச் சுத்தி வந்துதான் தரையில விழும். திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் கொண்டு போவாக. பிள்ளைங்க பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டும். வேற ஆளா இருந்தா கல்லெடுத்து எறிவாக. இவுக இன்னும் கொஞ்சம் பெருசாச் சுத்திக் காட்டுவாக. அதைப் பாக்கவே பிள்ளைங்க ராட்டினத்துக்கு வரும்.”

சொர்ணம் தலையசைத்தாள்.

“எங்கே வெச்சுப் பாத்தீக அவுகளை?” என்று கேட்டாள்.

“யாரைம்மா?”

“இவுகளைத்தான். கழுகுமலைத் திருவிழாவுலயா? இருக்கன்குடியிலயா?”

“நான் அவரைப் பார்த்ததே இல்லைம்மா.”

அவள் நம்பவில்லை. தெரிந்ததை மறைக்கிற ஆளைப் பார்ப்பது மாதிரி லேசாகச் சிரித்தாள்.

“பாக்காமலா இந்தக் கால் வந்துச்சு?”

சிவசைலம் மறுபடி ஆவுடைச்செல்வியைப் பார்த்தார். நீங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை.

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

அவர் குடித்தார்.

*

கிளம்புகிற நேரத்தில் சொர்ணம் கேட்டாள்.

“அண்ணாச்சி, இந்த ஒரு எழுத்தை மட்டும் எனக்கு எழுதக் காட்டிக் குடுப்பீகளா?”

சிவசைலம் மறுபடி உட்கார்ந்தார். போஸ்டரைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. முத்துக்கனி ஒரு ஸ்கெட்ச் பேனா கொண்டுவந்தாள்.

அவர் எழுதினார். பாடப்புத்தகத்து ‘ழ’. அளவான வளைவு, அளவான வால். அவர் கைக்கு அதுதான் முதலில் வந்தது.

சொர்ணம் பார்த்தாள்.

“இது இவுக இல்லியே.”

“இல்லைதான்” என்றார். பக்கத்தில் இன்னொன்று எழுதினார். வாலை வெளியே வீசினார்.

“இது” என்றாள் அவள்.

பேனாவை வாங்கிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் பிடிக்கத் தெரியவில்லை. அகப்பையைப் பிடிப்பது மாதிரி மொத்தக் கையாலும் பிடித்தாள். முதல் வளைவு போடும்போது பேனா வழுக்கியது. நிறுத்தினாள். மறுபடி ஊன்றினாள். மேலே ஏறினாள். இறங்கினாள். வளைத்தாள். கால் வந்ததும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கையை ஒரு வீசு வீசினாள்.

கோடு தாளின் விளிம்பைத் தாண்டி, பாயைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் போய் நின்றது.

சிவசைலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் வீச அவருக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

சொர்ணம் தரையில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முத்துக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையைக் கண்ணில் வைத்தாள்.

“நல்லாருக்கா, அண்ணாச்சி?”

“என்னுதைவிட நல்லாருக்கு.”

“இந்த எழுத்தை எப்படிச் சொல்லணும்?”

வானொலியில் யாராவது ‘வாளைப்பளம்’ என்று சொல்லிவிட்டால் எழுந்து போய் அணைத்துவிடுகிற மனிதர் சிவசைலம். நாக்கை மடித்து, மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார்.

“ழ.”

சொர்ணம் தன் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். தலையிலிருந்து கால்வரை, தாளிலிருந்து தரைவரை தடவிக்கொண்டே போனாள்.

“ள” என்றாள்.

மாடியில் அவர் கொண்டுவரும் தாளைப் பார்க்கிற அதே பார்வையோடு ஆவுடைச்செல்வி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா” என்றார் சிவசைலம். “அதேதான்.”